பயாத்தியா ஹிஜாஸா சொல்லுங்க, அப்புறம் பட்ஜெட் பேசலாம்: அரபு இசைய ஹவுஸ் பீட்டோட சேக்க நாலு வழி

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தர் தோஹா, ஒருத்தர் கோயம்புத்தூர், இன்னொரு தம்பி மஸ்கட்ல காலேஜ் படிக்கிறான். "அண்ணே, அரபிக் ஃபீல்ல ஒரு டான்ஸ் ட்ராக் பண்ணணும், பழைய பாட்ட சாம்பிள் எடுக்கவா, லூப் பேக் (ரெடிமேட் இசைத் துண்டு) வாங்கவா, அந்த ஓரியண்டல் கீபோர்ட (அரபு ஸ்வரம் வர்ற கீபோர்டு) வாங்கவா, இல்ல ஊத் (அரபு தந்தி வாத்தியம்) வாசிக்கிற ஆள புடிக்கவா?" நாலும் நான் பண்ணி பாத்துருக்கேன், நாலுலயும் கைய சுட்டுக்கிட்டேன். பகல்ல ஷார்ஜாவுல ஒரு கட்டட கம்பெனில எஸ்டிமேஷன் வேலை, ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஹெட்ஃபோன், இப்படியே பல வருஷம் ஓடிருச்சு. அதனால எஸ்டிமேட் போடுற புத்தியிலயே இதயும் எழுதுறேன், வெளிய தெரியுற செலவு தெரியாத செலவு ரெண்டையும் சேத்து.

கேக்குற எல்லாரும் பட்ஜெட்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. நான் திருப்பி கேக்குறது ஒண்ணு தான், எந்த மகாம்ல (அரபு இசையோட ராகம், பயாத்தி ஹிஜாஸ் எல்லாம் அதோட பேர்) பண்ணப்போறீங்க? அதுக்கு பதில் வந்துட்டா நாலு வழில ரெண்டு தானா அடிபட்டு போயிடும்.

## எதை வச்சு எடை போடுறது

ஸ்வரம். மகாம்னா நம்ம ராகம் மாதிரி, ஸ்வர வரிசை மட்டும் கிடையாது, எங்க நிக்கணும், எப்படி இறங்கணும், எந்த மகாமுக்கு தாவலாம்னு ஒரு நடை இருக்கு. ஆனா நம்ம கம்ப்யூட்டர் பக்கம் முதல்ல இடிக்கிறது ஸ்வர இடம் தான். பியானோவுல ஒரு கட்டைக்கும் பக்கத்து கட்டைக்கும் 100 சென்ட் (நிலம் அளக்குற சென்ட் இல்லீங்க). அரபு மகாம் பலதுல ஒரு ஸ்வரம் ரெண்டு கட்டைக்கும் நடுவுல, சுமாரா 50 சென்ட் தள்ளி உக்காந்துருக்கும், இத தான் கால் ஸ்வரம்னு சொல்றேன். பயாத்தில ரெண்டாவது ஸ்வரம் அப்படி, ராஸ்த்ல மூணாவது, சபாவுலயும் சிகாவுலயும் உண்டு.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவங்களுக்கு ஈஸியா சொல்லணும்னா, ஸ்வரத்த மட்டும் வச்சு பாத்தா ஹிஜாஸ் ஏறக்குறைய வகுளாபரணம், ஹிஜாஸ்கார் மாயாமாளவகௌளை, குர்த் தோடியோட ஸ்வரம், அஜம் சங்கராபரணம், நஹாவந்த் நடபைரவிக்கும் கீரவாணிக்கும் நடுவுல ஆடும். இதெல்லாம் சாதா கீபோர்டுலயே வந்துடும். பயாத்திக்கும் ராஸ்துக்கும் 72 மேளத்துல தேடாதீங்க, கிடைக்காது.

இன்னொரு சிக்கல், அந்த 50 சென்ட்டும் கல்லுல வெட்டுனது இல்ல. கெய்ரோல வாசிக்கிற ராஸ்தோட மூணாவது ஸ்வரமும் ஹலப்ல (சிரியாவோட அலெப்போ) வாசிக்கிறதும் ஒண்ணா இருக்காது. 1932-ல கெய்ரோல மன்னர் ஃபுவாத் ஆதரவுல அரபு இசை மாநாடு நடந்துச்சு, ஐரோப்பாவுல இருந்து பார்டோக், ஹிண்டெமித் மாதிரி இசையமைப்பாளர்கள் எல்லாம் வந்துருந்தாங்க, ஆக்டேவ 24 சம பங்கா வெட்டிடலாமா பியானோவ உள்ள விடலாமான்னு அங்கயே பெரிய சண்டை. தொண்ணூறு வருஷம் கழிச்சு அதே சண்டைய நம்ம லேப்டாப்ல போட்டுக்கிட்டு இருக்கோம்.

தாளம். மக்சூம்னு ஒண்ணு இருக்கு, எகிப்து பாட்டு கேட்டவங்க காதுல கண்டிப்பா இருக்கும், "தும் தக் – தக் தும் – தக் –". இதுல தும் (ட்ரம்மோட கனமான அடி) ஒண்ணுலயும் மூணுலயும் விழுது. ஹவுஸ்ங்கற க்ளப் டான்ஸ் இசைல கிக் (பெரிய ட்ரம் அடி) நாலு அடிலயும் விழுது, அதனால ரெண்டு தும்மையும் கிக் முழுங்கிடும், மிச்சம் கேக்குறது டக் டக்னு தகரம் தட்டுற சத்தம் மட்டும். சயீதில பாருங்க, "தும் தக் – தும் தும் – தக் –", நடுவுல ஒரு தும் அடிக்கு அரை தட்டு முன்னாடியே விழுது, அது கிக்கோட மோதாம துள்ளிக்கிட்டு நிக்கும். பலதியும் அப்படி தான், "தும் தும் – தக் தும் – தக் –". மல்ஃபூஃப் 3-3-2, அது எந்த டான்ஸ் பீட்டுலயும் ஒட்டிக்கும். சமாயி 10 அடி, அத 4/4 மேல போட்டா 20 கிக்குக்கு ஒரு தடவ தான் ரெண்டும் ஒண்ணா வந்து சேரும், அடுத்த ட்ராக்க மிக்ஸ் பண்ற டிஜே உங்கள திட்டுவான்.

உரிமை. யாரோட மெட்டு, யாரோட ரெக்கார்டிங், யார் கிட்ட கையெழுத்து வாங்கணும்.

காசும் நேரமும். ரெண்டும் வேற வேற. காசு கம்மியான வழில நேரம் ரத்தம் மாதிரி போகும்.

மேடை. வீட்ல பண்ணது க்ளப்லயோ கல்யாணத்துலயோ திருப்பி வாசிக்க முடியுமா. யூட்யூப்ல போடுறதோட சரின்னா இத விட்டுடலாம்.

## வழி 1: பழைய ரெக்கார்டுல இருந்து வெட்டி எடுக்குறது

சத்தத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல. அம்பது அறுபதுகள்ல கெய்ரோ ஆர்கெஸ்ட்ராவுல இருபது வயலின் ஒரே வரிய சேந்து இழுக்குற இழுப்பு எந்த ப்ளக்இன்லயும் (இசை சாஃப்ட்வேர்) வராது. கால் ஸ்வரமும் ஒரிஜினலா உள்ளயே இருக்கு, நீங்க ஒண்ணும் ட்யூன் பண்ண வேண்டாம்.

ஆனா அதுவே ஒரு பொறி. அந்த ரெக்கார்டு உங்க 440-க்கு (கம்ப்யூட்டரோட ஸ்டாண்டர்ட் சுருதி, 440 ஹெர்ட்ஸ்) ட்யூன் ஆகியிருக்காது, பழைய தட்டுன்னா வேகமும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், க்ளிக் (மெட்ரோனோம்) வச்சு வாசிச்சதும் இல்ல. நான் முதல்ல சாம்பிள என் சிந்துக்கு (சிந்தசைசர்) ஏத்த மாதிரி இழுத்து வளைச்சேன், வயலின் எல்லாம் தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆகிடுச்சு. தலைகீழா பண்ணணும், சாம்பிள் எந்த சுருதில இருக்கோ அதுக்கு உங்க சிந்த நகத்துங்க, 30 சென்ட் தள்ளியிருந்தா பேஸும் 30 சென்ட் தள்ளட்டும். அப்புறம் நாலு பார் (தாள வட்டம்) மட்டும் எடுத்து வெட்டுங்க, முழு பாட்டையும் க்ரிட்ல (கம்ப்யூட்டரோட தாளக் கட்டம்) உக்கார வைக்க முயற்சி பண்ணாதீங்க.

உரிமை கதை தான் இதுல பெருசு. எகிப்து பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் பாடுன "குசாரா குசாரா", 1957 படப்பாட்டு, மெட்டு பலீக் ஹம்தி. அந்த புல்லாங்குழல் வரிய அமெரிக்க தயாரிப்பாளர் டிம்பாலண்ட் எடுத்து ராப்பர் ஜே-ஸியோட "பிக் பிம்பின்" பாட்டுல போட்டார். யாருதுன்னு தெரியாம எடுத்தோம்னு சொன்னாங்க. 2001-ல இஎம்ஐ அரேபியாங்கற மியூசிக் கம்பெனிக்கு ஒரு லட்சம் டாலர் குடுத்தாங்க, முடிஞ்சதுன்னு நெனச்சாங்க. 2007-ல ஹம்தியோட வாரிசு ஒருத்தர் கேஸ் போட்டார், அது 2015 வரைக்கும் இழுத்து, மேல்முறையீடு 2018-ல தான் முடிஞ்சுது. ஜே-ஸி பக்கம் தான் ஜெயிச்சுது, ஆனா பதினோரு வருஷம் வக்கீல் ஃபீஸ் கட்ட நம்ம கிட்ட என்ன இருக்கு? அதுவும் ஜெயிச்சதுக்கு காரணம் சாம்பிள் எடுத்தது சரின்னு இல்ல, அந்த வாரிசு தன்னோட பொருளாதார உரிமைய ஏற்கனவே வேற ஒருத்தருக்கு எழுதி குடுத்துட்டார், அதனால கேஸ் போடுற தகுதி அவருக்கு இல்லன்னு. எழுதி குடுக்காத வாரிசு யாராவது இருந்தா கதையே வேற.

இதுல ஒரு பாட்டுக்கு ரெண்டு உரிமைன்னு பலர் மறந்துடுறாங்க. ரெக்கார்டிங் ஒண்ணு, மெட்டு ஒண்ணு. இந்திய சட்டத்துல ரெக்கார்டிங்குக்கு வெளியானதுல இருந்து 60 வருஷம், மெட்டுக்கு போட்டவர் செத்து 60 வருஷம். ஹம்தி போனது 1993, இன்னொரு பெரிய எகிப்து இசையமைப்பாளர் அப்துல் வஹாப் 1991. கணக்கு போட்டு பாத்துக்கோங்க, நம்ம பேரன் காலத்துல வரும்.

சந்து ஒண்ணு இருக்கு. எகிப்து இசையமைப்பாளர் சய்யித் தர்வீஷ் 1923-லயே இறந்துட்டார், அவர் மெட்டு எல்லாம் இப்ப பொதுச்சொத்து (வரி எழுதுனவர் வேற ஆளா இருப்பார், அத தனியா பாக்கணும், மெட்ட மட்டும் எடுங்க). ரெக்கார்டிங் பக்கம் பாத்தா அமெரிக்காவுல 1923-க்கு முன்னாடி வந்த தட்டெல்லாம் 2022 ஜனவரி 1-ல திறந்து விட்டாங்க. கெய்ரோலயும் பெய்ரூட்லயும் அந்த காலத்துல ரெக்கார்ட் ஆனது நிறைய இருக்கு, லெபனான்ல அமார்னு ஒரு அறக்கட்டளை இந்த பழைய தட்டுகள சேத்து வச்சுருக்காங்க, பாட்காஸ்ட்டும் போடுறாங்க. பொரிபொரின்னு சத்தம் இருக்கும், அதையே ஸ்டைலா வச்சுக்கலாம்.

இன்னொன்னு, இது சட்டம் இல்ல, ஆனா சட்டத்த விட முக்கியம். அர்த்தம் தெரியாம குரல் எடுக்காதீங்க. பாங்கு (தொழுகை அழைப்பு), குர்ஆன் ஓதுறது, இத பீட் மேல போடவே கூடாது. 2017-ல துனிசியாவுல ஒரு பிரிட்டன் டிஜே பாங்கு கலந்த ட்ராக்க க்ளப்ல போட்டார், க்ளப்ப மூடுனாங்க, அவருக்கு ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு, அதுக்குள்ள ஆள் நாட்ட விட்டே கெளம்பிட்டார். என் ட்ராக் ஒண்ணுல ஒரு பொம்பள குரல் சாம்பிள சோகமா அழகா இருக்குன்னு ட்ராப்ல (பீட் ஏறி வெடிக்கிற இடம்) வச்சுருந்தேன், ஆபீஸ்ல ஒரு ஜோர்டான்காரர் கேட்டுட்டு "இது சாவு வீட்டுல பாடுறது, இதுக்கு யார் ஆடுவா"ன்னார். அன்னைக்கே அழிச்சேன்.

## வழி 2: லூப் பேக்

சுருக்கமா முடிச்சுடுறேன், ஏன்னா விஷயமே சுருக்கம் தான். விலை கம்மி, ராயல்டி தொல்லை இல்ல, டெம்போ போட்டு வச்சுருப்பாங்க, இழுத்து போட்டா உக்காந்துக்கும்.

பெர்கஷனுக்கு தாராளமா வாங்குங்க. தர்புக்கா, ரிக், பெந்திர் லூப் நல்லதா நெறைய இருக்கு, தாளத்துக்கு கால் ஸ்வர பிரச்சினை இல்ல. மெலடி லூப் தான் வெஷம். "அரேபியன்"னு பேர் போட்ட பேக்க திறந்தா பத்துல எட்டு ஹிஜாஸ் மாதிரி ஒண்ணு, பாலைவனத்துல ஒட்டகம் போற விளம்பரத்துக்கு போடுவாங்களே அது. பல பேக்ல டுடுக் இருக்கும், அது ஆர்மேனிய வாத்தியம். பாக்லாமா இருக்கும், அது துருக்கி. பியானோ ஸ்வரத்துக்கு இழுத்து சரி பண்ணியும் வச்சுருப்பாங்க, பயாத்தின்னு எழுதி உள்ள குர்த் இருக்கும். ஊத் லூப்ப தனியா கேக்கும்போது ஒண்ணும் தெரியாது, அரபு ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்தா முகத்துல தெரியும்.

தெரியாத செலவு ஒண்ணே ஒண்ணு, அதே லூப்ப இன்னும் நூறு பேர் வச்சுருப்பான், அதுல எவனாவது தன் ட்ராக்க யூட்யூபோட கான்டென்ட் ஐடில (பாட்டு உரிமைய தேடி புடிக்கிற சிஸ்டம்) பதிஞ்சுட்டா உங்க வீடியோவுக்கு க்ளெயிம் வரும். லைசென்ஸ் பேப்பர காட்டி எடுக்கலாம், ஆனா ரிலீஸ் அன்னைக்கு அதுக்கு மல்லுக்கட்டணும். எனக்கு ஒரு தடவ வந்து நாலு நாள் போச்சு.

## வழி 3: கீபோர்டும் சாஃப்ட்வேர் ட்யூனிங்கும்

இத "ஒரிஜினல் இல்ல"ன்னு ஒதுக்குறவங்க தான் ஜாஸ்தி. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ஊத் இருந்தா ஒரிஜினல், கீபோர்டு இருந்தா டூப்புன்னு நெனைக்கிறது வெளிய இருந்து பாக்குறவங்க நெனப்பு. சிரியாவோட வடகிழக்குல கல்யாண வீட்டு தப்கே ஆட்டத்துக்கு எப்பவோ கீபோர்டு வந்தாச்சு. ஓமர் சுலைமான் அந்த கல்யாணங்கள்ல பாடி பாடியே நூத்துக்கணக்குல கேசட் வந்துச்சு, பக்கத்துல ரிசான் சயித் கீபோர்டுல மிஜ்விஸ் குழல் சத்தத்த பிச்சு உதறுவார். அப்புறம் தான் வெளிநாட்டு லேபிள், 2013-ல பிரிட்டன் தயாரிப்பாளர் ஃபோர் டெட் தயாரிப்புல ஆல்பம் எல்லாம். கெய்ரோவுல இஸ்லாம் சிப்சி ரெண்டு ட்ரம்மர்கள வச்சுக்கிட்டு கீபோர்ட உள்ளங்கையாலயே அடிப்பார். மஹ்ரகானாத்னு எகிப்து தெரு இசை பண்ற பசங்க கெய்ரோவோட சலாம் சிட்டி மாதிரி ஏரியாவுல இருந்து ஓசி சாஃப்ட்வேர், ஓட்ட மைக், நெறைய ஆட்டோட்யூன் வச்சு கல்யாண வீதில ஆரம்பிச்சாங்க, 2020 பிப்ரவரில எகிப்து இசைக்கலைஞர் சங்கம் தடை போடுற அளவுக்கு வளந்துச்சு. அம்மான்ல 2013-ல ஆரம்பிச்ச 47சோல் பேண்ட் தங்க எலெக்ட்ரானிக் தப்கே இசைக்கு ஷாம்ஸ்டெப்னு பேரே வச்சுட்டாங்க. இன்னும் பின்னாடி போனா எகிப்து இசையமைப்பாளர் ஹலீம் எல்-தப் 1944-லயே கெய்ரோல ஸார்னு ஒரு பேயோட்டுற சடங்க கம்பி ரெக்கார்டர்ல பதிஞ்சு, அத மாத்தி எக்கோ குடுத்து எலெக்ட்ரானிக் இசையா ஆக்கிட்டார். பாரிஸ்ல இந்த மாதிரி வேலை 1948-ல தான். அதனால மிஷினும் அரபு இசையும் நேத்து சந்திச்சவங்க இல்ல.

ஓரியண்டல் கீபோர்டுன்னா யமஹா பிஎஸ்ஆர்-ஏ வரிசை, கோர்க் பிஏ வரிசையோட ஓரியண்டல் மாடல். பன்னெண்டு ஸ்வரத்துக்கு பன்னெண்டு ஸ்விட்ச் மாதிரி, எத அமுக்குறீங்களோ அது 50 சென்ட் இறங்கும். பாட்டு நடுவுல மகாம் மாறும்போது இடது கை அந்த ஸ்விட்ச்ச தட்டும், அதுக்கு பழக்கம் வேணும், எனக்கு ஆறு மாசம் ஆச்சு. விலை பெரிய மாடல்னா ஆயிரக்கணக்குல திர்ஹம், இங்க பழசு கிடைக்கும், ஆனா கல்யாணத்துல ஓடுன பீஸான்னு கட்டைய பாத்து வாங்குங்க, நடு ஆக்டேவ் தேஞ்சுருக்கும்.

காசே செலவு பண்ணாமலும் பண்ணலாம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் ரெண்டும் இலவச சிந்த், ரெண்டுமே ஸ்காலா ட்யூனிங் ஃபைல் (ஸ்வர இடம் எழுதி வச்ச ஃபைல்) எடுக்கும். ஏபிள்டன் லைவ்னு ட்ராக் பண்ற சாஃப்ட்வேரோட 12-ல (2024) ட்யூனிங் சிஸ்டம் உள்ளயே வந்துருச்சு, ஆனா அது அதோட சொந்த சிந்துக்கும் எம்பிஇ (ஒவ்வொரு நோட்டையும் தனியா வளைக்கிற முறை) தெரிஞ்ச ப்ளக்இன்னுக்கும் தான், ஆடியோ க்ளிப் அப்படியே கிடக்கும். ஈராக் வம்சாவளி ஊத் கலைஞர் கய்யாம் அல்லாமி லைம்மா, அப்போடோம்னு ரெண்டு டூல் ப்ரவுசர்லயே ஓடுற மாதிரி 2021-ல வெளியிட்டார், ட்யூனிங்க காதால கேட்டு பழக அத விட நல்லது நான் பாக்கல.

இது எதுவும் இல்லன்னா பிட்ச் பெண்ட், அதாவது நோட்ட கொஞ்சம் வளைக்கிற கன்ட்ரோல். பெண்ட் ரேஞ்ச் ரெண்டு செமிடோன்னு வச்சா நடுவுல இருந்து 8192 படி 200 சென்ட், அப்ப 50 சென்ட்டுக்கு 2048. டி-ல (D) பயாத்தின்னா இ (E) நோட் வரும்போதெல்லாம் மைனஸ் 2048, அடுத்த நோட்டுக்கு முன்னாடி திருப்பி பூஜ்யம். ஒரு லீட் வரிக்கு போதும். ரெண்டு நோட் சேந்து வாசிச்சா ரெண்டும் சேந்தே வளையும், அங்க மாட்டும்.

தெரியாத செலவு கார்டு (பல ஸ்வரத்த சேத்து அமுக்குறது). ஹவுஸ் பழகுன கைக்கு பேட்ல (பின்னாடி நீளமா ஓடுற சிந்த் சத்தம்) நாலு நோட் கார்டு போடாம தூக்கம் வராது. பயாத்தில அந்த இ நோட் எந்த கார்டுல வந்தாலும் கடிக்கும். நீங்க கார்ட விட்டு குடுக்கணும், பேஸும் ட்ரோனும் (தம்புரா மாதிரி) ஐந்தாவது ஸ்வரமும் மட்டும் வச்சு ஓட்டணும். அப்படி ஓட்டுனா தான் ட்ராக் நல்லாவும் இருக்கும், டெக்னோ பக்கம் கார்டே இல்லாம தானே ஓடுது. இன்னொரு சின்ன தலைவலி, டிஜே சாஃப்ட்வேருக்கு மேஜர் மைனர் ரெண்டு தான் தெரியும், பயாத்திய மைனர்னு லேபிள் ஒட்டிடும், அத நம்பி மிக்ஸ் பண்ணா அடுத்த ட்ராக்கோட அடிச்சுக்கும்.

## வழி 4: ஆள வச்சு வாசிக்கிறது

கானூன் (மடில வச்சு மீட்டுற அரபு தந்தி வாத்தியம்) வாசிக்க ஒரு பெரியவர் வந்தார், ஹலப்காரர், அறுபது தாண்டியிருக்கும், பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறவர், நான் உஸ்தாத்னு கூப்பிடுவேன். என் ரூம்லயே ரெக்கார்டிங், ஏசிய நிறுத்தணும்ங்கறதால ரெண்டு பேரும் வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்துருக்கோம். கானூன்ல ஒரு ஸ்வரத்துக்கு மூணு தந்தி, இடது பக்க ஓரத்துல குட்டி குட்டி உலோக நெம்புகோல் வரிசையா இருக்கும், உரப்னு சொல்வாங்க, அத தட்டி தான் ஸ்வரத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்குறது. நான் ட்ராக்க போட்டேன். எட்டு பார் கேட்டார், வாசிக்கல. இடது கை மட்டும் இ தந்தியோட உரப்ப ஒண்ணு தூக்குது, இறக்குது, மறுபடி தூக்குது. நான் தான் அவர் சுருதி சேக்குறார்னு நெனச்சுட்டு இருக்கேன். அவர் என் ஸ்பீக்கர காட்டி "ஹாதா நஷாஸ்"னார்.

நஷாஸ்னா அபஸ்வரம். அவர் சொன்னது என் பேட. சி மேஜர் கார்டு, அதுல முழு இ, அவர் வாசிக்க வந்ததோ பயாத்தி. "உஸ்தாத், நீங்க கொஞ்சம் ஏத்தி வாசிக்க முடியுமா"ன்னு கேட்டேன், வெக்கமா இருக்கு இப்ப நெனச்சா. அவர் சிரிச்சுட்டு ஏத்தி வாசிச்சு காட்டுனார், குர்தும் இல்லாம எதுவும் இல்லாம சப்புன்னு இருந்துச்சு. கார்டுல இருந்து இ-ய மட்டும் அழிச்சேன், சி-யும் ஜி-யும் மிச்சம். "ஐவா"ன்னு தலையாட்டிட்டு வாசிக்க ஆரம்பிச்சவர் பதினஞ்சு நிமிஷம் நிறுத்தல.

இந்த வழில நீங்க காசு குடுக்குறது வாசிப்புக்கு மட்டும் இல்ல, அந்த "நஷாஸ்"க்கும் சேத்து தான். லூப் பேக் உங்கள திட்டாது.

செலவு ஆளுக்கு ஆள் மாறும், நான் குடுத்தது மணிக்கு 350 திர்ஹம், ரெண்டு மணி நேரம், சாப்பாடு தனி. அதுக்கு மேல வர்றது தான் நம்ம எஸ்டிமேட்ல விட்டுப்போறது. எடிட்டிங் எனக்கு மூணு ராத்திரி. தக்சீம்னு தாளம் இல்லாம ஆலாபனை மாதிரி வாசிப்பாங்க, அத க்ரிட்ல உக்கார வைக்காதீங்க, பீட் நிக்கிற ப்ரேக்ல அப்படியே மெதக்க விடுங்க. தாளக்காரர்னா க்ளிக் குடுத்தா கல்லு மாதிரி நிப்பார். அங்க ஒரு கூத்து, எகிப்துக்காரர் கிட்ட தபலா கொண்டு வாங்கன்னா தர்புக்காவ தான் எடுத்துட்டு வருவார், அவங்க ஊர்ல அதுக்கு பேரே தபலா. மைக் ஒண்ணு தோல் பக்கம், ஒண்ணு கீழ திறந்த வாய் பக்கம், தும் அங்க தான் கிடைக்கும். அப்புறம் கிக் இருக்குற இடத்துல அந்த தும்மோட அடிப்பகுதிய கொஞ்சம் வெட்டுங்க, இல்லன்னா தும் விழுற இடத்துல கிக்க எடுத்துட்டு தும்முக்கு வழி விடுங்க. நான் இப்ப கிக்க எடுக்குறதுக்கு மாறிட்டேன்.

முன்னாடியே பேச வேண்டியது பங்கு. அவர் சொந்தமா கற்பனை பண்ணி வாசிச்ச வரி உங்க ட்ராக்கோட முக்கிய மெலடியா ஆகிடுச்சுன்னா அது அவரோட இசையமைப்பு தான், "செஷன் காசு குடுத்துட்டேன்ல"ன்னு சொல்றது அழகு இல்ல. ஒரு பக்க பேப்பர், அரபுலயும் இங்கிலீஷ்லயும், காசு எவ்வளவு, பங்கு எவ்வளவு, பேர் எப்படி போடணும். பாரிஸ்ல 2012-ல ஆரம்பிச்ச ஆசிட் அரப்னு ஒரு எலெக்ட்ரானிக் க்ரூப் இத ஒழுங்கா பண்ணுறாங்க, 2016-ல வந்த முதல் ஆல்பத்துலயே ரஷீத் தாஹா, சுஃபியான் சயிதி மாதிரி பாடகர்கள் பேரோட வர்றாங்க, "எத்னிக் வோக்கல்"னு இல்ல.

மேடைக்கு இது கஷ்டம். ஊத் உள்ள காத்து பெட்டி, பெரிய ஸ்பீக்கர் முன்னாடி வச்சா ஊளையிடும், பிக்கப் (வாத்தியத்துலயே ஒட்டுற மைக்) வேணும். ஒவ்வொரு ஷோவுக்கும் ஆள் கூட்டிட்டு போக டிக்கெட் வேணும்.

## பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

| | பழைய ரெக்கார்டு | லூப் பேக் | கீபோர்டு, ட்யூனிங் | ஆள் |
|---|---|---|---|---|
| கால் ஸ்வரம் | உள்ளயே இருக்கு, சுருதி உங்களுது இல்ல | பெரும்பாலும் இல்ல | வரும், கீபோர்டு ஸ்விட்ச்ல 50 சென்ட்டுக்கு கட்டுப்பட்டு | அவர் ஊர் கணக்குல வரும் |
| தாளம் | க்ளிக்ல நிக்காது | ரொம்ப சௌகரியம் | நல்லா வரும் | நல்லா வரும், எடிட்டிங் உண்டு |
| உரிமை | தலைவலி | சுலபம், க்ளெயிம் வரலாம் | உங்க மெட்டுன்னா தொல்லை இல்ல | பேப்பர் எழுதணும் |
| காசு | முதல்ல பூஜ்யம், அப்புறம் கடவுள் விட்ட வழி | கம்மி | பூஜ்யத்துல இருந்து ஆயிரக்கணக்கு வரை | செஷனுக்கு செஷன் |
| நேரம் | வெட்டி ஒட்ட வாரக்கணக்கு | ஒரு ராத்திரி | பழக மாசக்கணக்கு, அப்புறம் வேகம் | மூணு நாலு நாள் |
| மேடை | ப்ளே பட்டன் | ப்ளே பட்டன் | இதுக்கே பொறந்தது | அருமை, டிக்கெட் செலவு |

## அப்ப யாருக்கு எது

ஹிஜாஸ், குர்த், நஹாவந்த் இதுல தான் பண்ணப்போறீங்கன்னா காச சேத்து வைங்க. பெர்கஷன் லூப் பேக், உங்க கிட்ட இருக்குற சிந்த், முடிஞ்சுது. இதுக்கு ஓரியண்டல் கீபோர்டு வாங்குறது ஆட்டோல போற தூரத்துக்கு லாரி புடிக்கிற மாதிரி. ஆனா ஹிஜாஸ்ல ஏற்கனவே ஆயிரம் பேர் ட்ராக் போட்டாச்சு, அதுல தனியா தெரியணும்னா சயீதி மாதிரி தாளத்துல விளையாடுங்க.

பயாத்தி, ராஸ்த், சபான்னா மூணாவது இல்ல நாலாவது. கல்யாணம், பார்ட்டி, தப்கே ஆடுற கூட்டம், நீங்களே மேடைல நிக்கணும்னா மூணாவது, யோசிக்கவே வேண்டாம். ஹெட்ஃபோன்ல கேக்குற மெதுவான டவுன்டெம்போ, ஒரே ஒரு ட்ராக் நல்லா வரணும்னா நாலாவது. கோயம்புத்தூர் நண்பருக்கு பக்கத்துல கானூன் ஆள் கிடைக்க மாட்டாங்க தான், அவர் சர்ஜ்ல ட்யூனிங் போட்டு முழு ட்ராக்க முடிச்சுட்டு லீட் வரிய மட்டும் கெய்ரோலயோ அம்மான்லயோ இருக்குற ஆளுக்கு ஆன்லைன்ல அனுப்பி வாசிக்க வைக்கலாம். அனுப்பும்போது பேட ம்யூட் பண்ணி ஒண்ணு, பேடோட ஒண்ணுன்னு ரெண்டு மிக்ஸ் அனுப்புங்க, ஏன்னு மேல சொல்லிட்டேன்.

பழைய ரெக்கார்டு, சும்மா கத்துக்கவும், நண்பர்களுக்கு போட்டு காட்டவும், டிஜே செட்ல ஒரு எடிட்டா ஓட்டவும் சரி. ரிலீஸ் பண்ணணும்னா தர்வீஷ் மாதிரி பொதுச்சொத்தான மெட்ட எடுத்து புதுசா வாசிக்க வைங்க, அப்ப ஒண்ணாவது வழியும் நாலாவது வழியும் ஒண்ணாயிடும். நான் இப்ப பண்ணிக்கிட்டு இருக்குறதும் அது தான், உஸ்தாத் அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் வர்றேன்னுருக்கார், இந்த தடவ பேட்ல அஞ்சாவது ஸ்வரத்த தவிர ஒண்ணும் வைக்கல.

மஸ்கட் தம்பிக்கு: நீ அனுப்புன டெமோ கேட்டேன்டா, பயாத்தின்னு எழுதியிருக்க, உள்ள குர்த் தான் இருக்கு. இ-ஃப்ளாட்ட முழு இ ஆக்கி, அதுக்கு மட்டும் மைனஸ் 2048 போட்டு திருப்பி அனுப்பு, கீபோர்டு வாங்குறத பத்தி அப்புறம் பேசலாம்.